கைத்தாளில் இல்லாத நோய்: சொரியாசிஸ் மூட்டுவாத மருந்துக்குக் காப்புறுதி அனுமதி பெற்ற ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி கடைசி வாரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நான் பணிபுரியும் மருந்தகத்துக்கு 47 வயதுப் பெண் ஒருவர் ஒரு கடிதத்துடன் வந்தார். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய அந்தக் கடிதத்தில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. கோரப்பட்ட மருந்து குறிப்பிடப்பட்ட நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்பது முதலாவது. பரிசோதனை நிலைச் சிகிச்சைகள் பொலிசியின் விலக்குகளில் அடங்குவதால் கொடுப்பனவு வழங்க இயலாது என்பது இரண்டாவது. டொஃபாசிட்டினிப் என்ற அந்த மருந்தை முந்திய நவம்பரிலிருந்து அவருக்குக் கொடுத்துவந்தவன் நான். அது வேலை செய்கிறது என்பதை அவருடைய கைவிரல்களைப் பார்த்தே அறிந்திருந்தேன். ஆகவே "பரிசோதனை நிலை" என்ற சொல் என்னை மிகவும் வருத்தியது. அடுத்த நான்கு மாதங்களில் நடந்ததை, நோயாளியினதும் அவருக்குச் சிகிச்சையளிக்கும் வாதநோய் நிபுணரினதும் சம்மதத்துடன், அவர்களை அடையாளங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கி இங்கே பதிவுசெய்கிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பம் தன் கோப்பை எப்படி அடுக்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம் என்பதே எழுதுவதற்கான காரணம்.

நோயும் அதுவரையான சிகிச்சையும்

நோயாளி வீட்டிலிருந்தே சேலைச் சட்டை தைப்பவர். 2014 இல் முழங்கையிலும் தலைத்தோலிலும் சொரியாசிஸ் தோன்றியது. அதைத் தோல் நோயாகவே கருதிக் களிம்பு பூசி வந்தார். 2019 இல் விரல் மூட்டுகள் நோகத் தொடங்கின. காலையில் எழுந்து ஒரு மணித்தியாலம் செல்லும்வரை கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரலை நுழைக்க முடியவில்லை. 2020 தொடக்கத்தில் இடது மோதிர விரல் நுனியிலிருந்து அடிவரை ஒரே பருமனாக வீங்கிச் சிவந்தது. கலியாண மோதிரம் சதைக்குள் புதையத் தொடங்கியபோது, செட்டியார் தெருவில் பொற்கொல்லர் ஒருவரிடம் சென்று அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டிய மோதிரத்தை அவர் இன்றும் பணப்பையில் ஒரு கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறார்.

ஒரு விரல் முழுவதும் இப்படி வீங்குவதை வைத்தியர்கள் டக்டைலைட்டிஸ் என்பார்கள். மூட்டு மட்டுமன்றித் தசைநாண் உறைகளும் சேர்ந்து அழற்சியுறுவதால் அது உண்டாகிறது. சொரியாசிஸ் மூட்டுவாதத்தை இனங்காண்பதற்கு அது முக்கியமான அடையாளம். 2006 இல் வெளியிடப்பட்ட காஸ்பார் அளவுகோலின்படி, மூட்டழற்சி உள்ள ஒருவர் 3 புள்ளிகள் பெற்றால் இந்த நோய் இருப்பதாக வகைப்படுத்தலாம். இவருக்குத் தற்போதைய சொரியாசிஸுக்கு 2, நகக் குழிகளுக்கு 1, விரல் வீக்கத்துக்கு 1, ருமட்டோயிட் மூட்டுவாதம் என்ற வேறொரு மூட்டு நோயைச் சுட்டும் ருமட்டோயிட் காரணி இரத்தத்தில் இல்லாமைக்கு 1 என மொத்தம் 5 புள்ளிகள் கிடைத்தன. இந்தக் கணக்கு 2020 ஆம் ஆண்டின் கிளினிக் கொப்பியிலேயே நிபுணரின் கையெழுத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எங்களுக்குப் பெரிதும் உதவியது அந்தப் பக்கம்தான்.

முதலில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கப்பட்டது. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. 10 மில்லிகிராமில் தொடங்கி, ஃபோலிக் அமிலத்துடன் 20 மில்லிகிராம் வரை உயர்த்தினார்கள். அது போதாதபோது லெஃப்லுனமைட் சேர்க்கப்பட்டது. மூன்றாம் மாதத்தில் ஈரல் நொதியங்கள் உயர்ந்ததால் அதை நிறுத்தினார்கள். 2021 மார்ச்சில், மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடர்ந்தபடியே, இரண்டு வாரங்களுக்கு ஒரு தடவை 40 மில்லிகிராம் அடலிமுமாப் ஊசி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் ஆண்டு அவர் நன்றாக இருந்தார். கணவர் கொழும்புக் கோட்டையில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். அந்த நிறுவனத்தின் குழுக் காப்புறுதி, விசேட அனுமதியின் பேரில், ஊசிக்கான செலவைச் செலுத்திவந்தது.

பிறகு 2022 வந்தது. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை சென்ற அந்த ஆண்டில், ஊசி சில வாரங்கள் கொழும்பில் எங்குமே கிடைக்கவில்லை. கிடைத்தபோதும் அதை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. அப்போது குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவே பயந்த வீடுகளில் இவருடைய வீடும் ஒன்று. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அவருக்கு ஐந்து ஊசிகள் தவறிப்போயின. செப்டெம்பரிலிருந்து ஒழுங்காகத் தொடர்ந்தும் பழைய பலன் திரும்பவில்லை. 2023 மார்ச்சில் விரல்கள் மீண்டும் வீங்கின. அவ்வாண்டு ஒக்டோபரில் நிபுணர் ஊசியை நிறுத்திவிட்டு, டொஃபாசிட்டினிப் 5 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு இரண்டு தடவை எடுக்கும்படி எழுதிக்கொடுத்தார். அதற்கு முன்னர் காசநோய்க்கான மான்டூ பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஈரலழற்சி பி, சி பரிசோதனைகள், கொழுப்பு அளவு, முழுக் குருதிக் கணிப்பு எல்லாம் செய்யப்பட்டன. நவம்பர் முதல் வாரத்தில் முதல் பெட்டியை என்னிடமிருந்து வாங்கினார்.

கைத்தாளில் என்ன இருந்தது

நான் விற்ற பெட்டி ஒரு பிரதி மருந்து, அதாவது அதே மூலக்கூற்றை வேறொரு உற்பத்தியாளர் தயாரித்தது. அதற்குள் மடித்து வைத்திருந்த கைத்தாளில் பயன்பாடு என்ற தலைப்பின் கீழ் ருமட்டோயிட் மூட்டுவாதம் ஒன்றே குறிப்பிடப்பட்டிருந்தது. காப்புறுதி நிறுவனத்தின் கோரிக்கைப் பிரிவு அலுவலர் அந்தக் கைத்தாளைத்தான் படித்திருக்கிறார். அவர் படித்ததில் பிழையில்லை. அந்தத் தாளின்படி இது ஓஃப்-லேபல் பயன்பாடு, அதாவது மருந்தின் குறிப்பில் எழுதப்படாத ஒரு நோய்க்கு அதைக் கொடுப்பது.

ஆனால் அதே மூலக்கூற்றுக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2012 நவம்பரில் ருமட்டோயிட் மூட்டுவாதத்துக்கும், 2017 டிசெம்பரில் சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கும் அங்கீகாரம் அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல், மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்த்துக் கொடுக்கும்படி, இதே நோய்க்கு அங்கீகரித்தது. மூலக்கூறு ஒன்றாக இருந்தும், எந்த நாட்டில், எந்த உற்பத்தியாளர், எந்த ஆண்டின் வாசகத்தை வைத்து விண்ணப்பித்தார் என்பதற்கு ஏற்பக் கைத்தாள் மாறுகிறது. ஓஃப்-லேபல் என்ற சொல் ஒரு தாளின் நிலையைச் சொல்கிறதே ஒழிய மருந்தைப் பற்றிய அறிவின் நிலையைச் சொல்வதில்லை. "பரிசோதனை நிலை" என்பது முற்றிலும் வேறு பொருள். மருந்துக்குப் பயன் உண்டா என்று இன்னும் ஆராயப்படுகிற கட்டத்தையே அது குறிக்கும். நிராகரிப்புக் கடிதம் முதலாவது வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்கு ஒரே தாவலில் போயிருந்தது. எங்கள் வழக்கு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலான வெளியில்தான் நடந்தது.

இன்னொரு விடயம் அப்போதே எனக்கு உறுத்தியது. இதே நிறுவனம் நான்கு ஆண்டுகளாக இவருடைய மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் செலுத்திவந்தது. அமெரிக்கக் குறிப்பில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குச் சொரியாசிஸ் உண்டு, ருமட்டோயிட் மூட்டுவாதம் உண்டு, சொரியாசிஸ் மூட்டுவாதம் இல்லை. லெஃப்லுனமைட்டின் அமெரிக்கக் குறிப்பில் ருமட்டோயிட் மட்டுமே உண்டு. ஐரோப்பியக் குறிப்பில் இரண்டும் உண்டு. வாதநோய் கிளினிக்குகளில் அன்றாடம் எழுதப்படும் இந்த மருந்துகளை எவரும் பரிசோதனை என்று சொல்வதில்லை. விலை குறைந்த மருந்துக்கு எழாத கேள்வி விலை கூடிய மருந்துக்கு எழுவது வணிகத்தில் இயல்புதான். இருந்தாலும், கேள்வி எழுவதற்குக் காரணம் விலை என்றால் அதை மருத்துவக் காரணமாகக் கடிதத்தில் எழுதக் கூடாது என்பதே என் கருத்து.

ஒரு வரி மாற்றினால் போதும் என்றவர்கள்

நிராகரிப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே, அவர்களுக்குத் தெரிந்த காப்புறுதி முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆலோசனை சொன்னார். "அக்கா, டொக்டரிட்ட ஆர்.ஏ. எண்டு ஒரு வரி எழுதி எடுங்கோ, அப்ப எல்லாம் சரியாப் போகும்" என்றாராம். ஆர்.ஏ. என்பது ருமட்டோயிட் மூட்டுவாதம். கைத்தாளில் உள்ள நோயையே கடிதத்தில் எழுதிவிட்டால் கேள்வி எழாது என்பது அவருடைய எண்ணம். அவர் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை. இந்த ஆலோசனையைக் கொழும்பில் பல இடங்களில், நல்ல மனதுள்ளவர்களின் வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன்.

நோயாளி என்னிடம் வந்து, "தம்பி, இது பொய்தானே, ஆனா வேற வழி இருக்கோ?" என்று கேட்டார். செய்யவேண்டாம் என்றேன். என் மறுப்புக்கு மூன்று காரணங்கள் இருந்தன. அவருடைய ருமட்டோயிட் காரணி இரண்டு தடவை இல்லையென்று வந்திருக்கிறது. அந்த அறிக்கைகளும் 2021 முதல் சொரியாசிஸ் மூட்டுவாதம் என்றே எழுதப்பட்ட ஊசிக்கான விண்ணப்பங்களும் அதே நிறுவனத்தின் கோப்பில் கிடக்கின்றன. திடீரென நோயின் பெயர் மாறினால் எவர் கண்ணுக்கும் படும். இரண்டாவது, காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பினதும் உச்ச நன்னம்பிக்கையில் நிற்பது. பொருளுள்ள ஒரு விடயத்தைத் தெரிந்தே பிழையாகச் சொன்னால் இந்தக் கோரிக்கை மட்டுமல்ல, குடும்பத்தின் முழுப் பாதுகாப்பும் ஆட்டங்காணும். மூன்றாவதைத்தான் நான் முதலாவதாக நினைக்கிறேன். கோப்பில் நோயை மாற்றினால் அது அங்கேயே நின்றுவிடாது. நாளை கண்ணில் அழற்சி வந்தாலோ தோல் மோசமானாலோ, அந்தக் கோப்பைப் படிக்கும் வைத்தியர் பிழையான நோயிலிருந்து சிந்திக்கத் தொடங்குவார்.

நிபுணரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஓஃப்-லேபல் என்று நாங்களே முதல் வரியில் எழுதுவோம்" என்றார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுவே என்று இன்றும் நம்புகிறேன்.

முதல் மேன்முறையீடும் எங்கள் பிழையும்

முதலில் கோரிக்கைப் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அதில் நோயின் பெயரை எழுத ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, ஒரு சாண்கூட நீளமில்லை. கடமையிலிருந்த இளம் வைத்தியர் அவசரத்தில் "சொரியாசிஸ்" என்று மட்டும் எழுதியிருந்தார். படித்தவர் அதைத் தோல் நோயாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. தோல் நோய்க்கு மூட்டுக் குளிசை எதற்கு என்ற ஐயமும் நிராகரிப்புக்குப் பின்னால் இருந்திருக்கலாம். புதிய படிவத்தில் நோயின் முழுப்பெயரும், ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டில் அதற்குரிய எல் 40.5, எம் 07 என்ற இலக்கங்களும் எழுதப்பட்டன. இலக்கம் மொழிபெயர்ப்பில் மாறாது, கையெழுத்து விளங்காவிட்டாலும் நிற்கும்.

நோயின் தீவிரத்தைக் காட்ட டாப்சா என்ற அளவையைப் பயன்படுத்தினோம். 68 மூட்டுகளில் நோவுள்ளவை, 66 மூட்டுகளில் வீங்கியவை, நோயாளி 10 க்குச் சொல்லும் வலி, 10 க்குச் சொல்லும் பொது நிலை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகிய ஐந்தையும் கூட்டினால் அது வரும். 4 வரை நோய் அடங்கிய நிலை, 14 வரை குறைவு, 28 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மருந்து தொடங்குமுன் இவருக்கு 11, 7, 7, 7, சி.ஆர்.பி. 24 என்று இருந்தது. பெப்ரவரியில், மூன்று மாதச் சிகிச்சையின் பின், 3, 1, 2, 3, சி.ஆர்.பி. 6. இவற்றை நான்தான் தட்டச்சுச் செய்து கூட்டினேன். முன்னர் 56, பின்னர் 15 என்று எழுதி, நிபுணரின் கையொப்பத்துக்கு அனுப்பினேன். வேலை நெருக்கடியில் அவரும் கவனிக்கவில்லை.

மார்ச்சில் கோப்பு திரும்பி வந்தது. 56 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டமும் அருகே ஒரு கேள்விக்குறியும் இருந்தன. கொழும்பு ஆய்வுகூடங்கள் சி.ஆர்.பி.யை ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. டாப்சா கேட்பது டெசிலீற்றர் கணக்கு. 24 என்பதை 2.4 ஆக்கிக் கூட்ட வேண்டும். சரியான எண்கள் 34.4 உம் 9.6 உம். என் பிழை நோயை இருந்ததைவிடப் பெரிதாகக் காட்டியது. அத்துடன், குறைந்த நிலைக்கு வந்துவிட்ட நோயை நடுத்தரமாகக் காட்டி, மருந்தின் பலனையும் குறைத்துவிட்டது. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் ஒரு நம்பிக்கையும் பிறந்தது. மறுபக்கத்தில் இருப்பவர் எங்கள் கோப்பை உண்மையாகவே வாசித்திருக்கிறார். நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் அவர். அதன் பிறகு அவரைத் தடையாக நினைப்பதை விட்டுவிட்டு, அவருக்காகவே எழுதத் தொடங்கினோம்.

இதற்கிடையில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் கிடைக்காது என்ற கவலையில், பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து நோயாளி ஒருவருக்கும் சொல்லாமல் நாளுக்கு ஒரு குளிசையாகக் குறைத்துவிட்டார். ஒரு மாதத்துக்குரிய பெட்டி இரண்டு மாதம் போகும் என்பது அவருடைய கணக்கு. அடுத்த பெட்டிக்கு வரவேண்டிய நாளில் அவர் வராததை என் பதிவேடுதான் முதலில் காட்டியது. தொலைபேசியில் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளையின்ர வகுப்புக் காசு கட்ட வேணும் தம்பி" என்றார். ஏப்ரலில் டாப்சா 23.3 க்கு ஏறியது. மோதிர விரல் மீண்டும் தடித்தது.

மூன்று கேள்விகள்

மார்ச்சில் திரும்பிய கோப்புடன் மூன்று கேள்விகள் வந்தன. அவை நியாயமான கேள்விகள். இந்த நோய்க்கு இந்த மருந்தைக் கொடுப்பதற்கு ஆதாரம் என்ன? அடலிமுமாப் உண்மையில் பலனளிக்காமல் போனதா, அல்லது ஊசிகளைத் தவறவிட்டதால் பலன் குறைந்ததா? இந்த நோய்க்கென்றே குறிப்பில் உள்ள வேறொரு ஊசிக்கு ஏன் மாறவில்லை?

முதலாவதுக்குப் பதில் எழுதுவது எளிது. மேலே சொன்ன அமெரிக்க, ஐரோப்பிய அங்கீகாரங்களின் ஆண்டுகளைக் குறிப்பிட்டு, உத்தியோகபூர்வக் குறிப்புகளின் உரிய பக்கத்தை அச்சிட்டு இணைத்தோம். 2017 ஒக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வெளியான ஓபல் பியொண்ட் ஆய்வையும் சேர்த்தோம். அடலிமுமாப் போன்ற டி.என்.எஃப். தடுப்பான்கள் போதிய பலன் தராதவர்களிடையே நடந்த ஆய்வு அது. மூன்று மாதத்தில் 20 சதவீத முன்னேற்ற அளவையை எட்டியவர்கள், 5 மில்லிகிராம் எடுத்தோரில் 50 சதவீதம், மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தோரில் 24 சதவீதம். இவரும் அதே வகை நோயாளி. தேவையற்ற பத்து ஆய்வுகளைக் குவிப்பதைவிட, நோயாளியின் நிலைக்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வே போதும் என்பது நிபுணரின் உறுதியான கருத்தாக இருந்தது. பாதகமான செய்தியையும் அவர் விடவில்லை. 50 வயதுக்கு மேற்பட்ட, இருதய ஆபத்துக் காரணி உள்ள ருமட்டோயிட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் பின், 2021 செப்டெம்பரில் எஃப்.டி.ஏ. இவ்வகை மருந்துகளுக்கு இருதயநோய், புற்றுநோய், குருதிக் கட்டி பற்றிய கடும் எச்சரிக்கையை விதித்தது. இவர் 47 வயதினர், புகைப்பவரல்லர், குருதிக் கட்டி வந்த வரலாறு இல்லை, இரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுப்பாட்டில் உள்ளன என்று அந்த எச்சரிக்கைக்கு அருகிலேயே எழுதப்பட்டது.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. அது நோயாளியின் மனதையும் புண்படுத்தியது. ஊசி நாட்டில் இல்லாமல் போனதற்கும் மின்சாரம் நின்றதற்கும் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கலங்கினார். ஆனால் கேள்வியின் மருத்துவப் பொருள் சரியானது. ஒழுங்காக எடுக்காத மருந்தைத் தோற்ற மருந்து என்று எழுத முடியாது. இதற்கு விடை என் மருந்தகத்துப் பதிவேட்டில் இருந்தது. குளிரில் வைக்கும் மருந்துகளுக்கென்று நாங்கள் தனியாக ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். திகதி, தொகுதி இலக்கம், வாங்கியவர், ஐஸ் பொதியுடன் கொடுக்கப்பட்டதா என்பன அதில் இருக்கும். 2022 செப்டெம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 26 வரிகள், ஒன்றும் தவறாமல் இருந்தன. 2022 இல் தவறிய ஐந்தும் வெற்றிடமாகத் தெரிந்தன. இரண்டையும் பிரதியெடுத்து இணைத்தோம். நிபுணர் எழுதிய விளக்கம் சுருக்கமானது. தவறிய ஊசிகளுக்குப் பின்னர் ஓர் ஆண்டு முழுவதும் சரியான அளவில், மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்த்துக் கொடுத்தும் நோய் ஏழாம் மாதத்தில் திரும்பியது. இடைநிறுத்தத்தால் உடலில் ஊசிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உருவாகியிருக்கலாம். காரணம் எதுவாயினும் அந்த ஊசி இனி இவருக்குப் பலன் தருவதில்லை. தவறிய ஐந்தை மறைத்துக் கோப்பை அனுப்பியிருந்தால், தவறாத 26 ஐயும் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கு, வேறொரு ஊசிக்கு மாறுவதும் ஏற்கத்தக்க வழியே என்று ஒப்புக்கொண்டே பதில் எழுதினோம். தோல் நோய் கடுமையாக இருந்திருந்தால் இன்டர்லூக்கின்-17 தடுப்பான் ஊசியையே தெரிவுசெய்திருப்பேன் என்று நிபுணர் எழுதினார். இவருக்குத் தோல் பாதிப்பு குறைவு, நோய் பெரும்பாலும் கை கால் மூட்டுகளில் இருக்கிறது. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலாரின் 2019 பரிந்துரைகள், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்து ஒன்று பலனளிக்காதபோது இவ்வகைக் குளிசையை ஏற்கின்றன. குளிசைக்குக் குளிர்சாதனம் தேவையில்லை. அவருடைய பற்றுச்சீட்டுகளின்படி குளிசைக்கான மாதச் செலவு ஊசிக்கானதைவிடக் குறைவு. இந்தக் கடைசி விடயத்தைக் கடிதத்தின் தொடக்கத்தில் போடும்படி கணவர் கேட்டார். நிபுணர் மறுத்து, கடைசியில் ஒரே வாக்கியமாகப் போட்டார். மருந்தை மலிவுக்காகத் தெரிவுசெய்தோம் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரக் கூடாது என்றார்.

குளிசையைப் பாதியாகக் குறைத்ததால் ஏப்ரலில் நோய் ஏறியதும் எழுதப்பட்டது. நோயாளி தயங்கினார், தன்னைக் கவனமற்றவர் என்று நினைப்பார்களே என்று. ஆனால் முழு அளவில் 9.6 ஆக இருந்த அளவை பாதி அளவில் 23.3 ஆனது என்பது, மருந்துக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அளவைக் குறைத்ததன் காரணம் நிராகரிப்பே என்பதும் திகதிகளிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. அதைப் பற்றி ஒரு குறைகூடக் கடிதத்தில் சொல்லவில்லை.

எந்தக் கணக்கிலிருந்து

அனுமதி கிடைப்பது ஒரு பிரச்சினை, எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பது இன்னொன்று. பல குழுப் பொலிசிகளில் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஒரு தொகையும், வெளிநோயாளர் செலவுக்கு மிகச் சிறிய இன்னொரு தொகையும் இருக்கும். மருந்தகத்தில் வாங்கும் குளிசை இரண்டாவதில் விழும். அந்தத் தொகை சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஊசிக்கு 2021 இல் கிடைத்த விசேட அனுமதியின் கடிதத்தைக் கணவர் பழைய கோப்பிலிருந்து தேடி எடுத்தார். அதில் "நீண்டகால உயிரியல் சிகிச்சை" என்று ஒரு தலைப்பு இருந்தது. அந்தச் சிகிச்சைக்குப் பதிலாகவே இந்தக் குளிசை வந்திருக்கிறது, ஆகவே அதே தலைப்பின் கீழ் வரவேண்டும் என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு தனியாக ஒரு கடிதம் எழுதியது. குழுப் பொலிசியில் ஒப்பந்தக்காரர் தொழில் வழங்குநர் என்பதால் அவருடைய குரலுக்கு எடை அதிகம். இதை நாங்கள் ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டும். செய்யாததால் இரண்டு மாதங்கள் வீணாயின.

இரண்டாவது மேன்முறையீடு ஏப்ரல் இறுதியில் போனது. நிபுணரின் கடிதம் ஒரு பக்கம், இணைப்புகள் பதினொன்று. மீண்டும் மறுக்கப்பட்டால் நிறுவனத்தின் இறுதிப் பதிலைப் பெற்றுக்கொண்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ செல்வதென்று குடும்பம் தீர்மானித்திருந்தது. அதைக் கடிதத்தில் அச்சுறுத்தலாக எழுதவில்லை. நிராகரிப்பதாயின் காரணத்தை எழுத்தில், பொலிசியின் உரிய வாசக இலக்கத்துடன் தருமாறு மட்டும் கேட்டிருந்தோம்.

மே மாதம் மூன்றாம் வாரத்தில் அனுமதி வந்தது. ஆறு மாதங்களுக்கு, நீண்டகாலச் சிகிச்சைத் தலைப்பின் கீழ், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாப்சா அளவையும் குருதிப் பரிசோதனையும் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் அது வழங்கப்பட்டிருந்தது. நிபந்தனையை நான் வரவேற்கிறேன். இந்த மருந்து எடுப்பவருக்கு அந்தப் பரிசோதனைகள் எப்படியும் தேவை. ஆனால் முன் அனுமதி இல்லாத காலம் என்ற காரணத்தால், நவம்பர் முதல் மே வரை வாங்கிய பெட்டிகளுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அதில் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. மருந்தைத் தொடங்கும் நாளுக்கு முன்னரே அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதை எங்களில் எவரும் ஒக்டோபரில் யோசிக்கவில்லை. அந்தப் பணம் அந்தக் குடும்பத்துக்குச் சிறிய பணமல்ல.

ஜூலையில் டாப்சா 8.5. ஈரல் நொதியங்கள் சரியாக இருந்தன, கொழுப்பு சற்று ஏறியிருந்ததால் அதற்கு மருந்து சேர்க்கப்பட்டது. அந்த மாதப் பெட்டிக்கு வந்தபோது, தைத்து முடித்த சட்டை ஒன்றை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்காகக் கையில் எடுத்து வந்திருந்தார். கழுத்து ஓரத்தில் கையால் போட்ட நுண்ணிய தையலைக் காட்டினார். நான் பதிவேட்டில் திகதியை எழுதி, நவம்பர் மூன்றாம் வாரத்தில் அனுமதி முடிகிறது, ஒக்டோபர் முதல் வாரமே புதுப்பிக்கும் கோப்பு போகவேண்டும் என்று சிவப்பில் குறித்துக்கொண்டேன். அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கிளினிக் கொப்பியின் பின் அட்டையிலும் அதே திகதியை எழுதித் தரும்படி கேட்டார்.